பிள்ளை “வாழ வேண்டாம்” என்றால்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம், பங்கு மண்டபம், மகளிர் குழு என்று பேசப் போகும் இடமெல்லாம் ஒரே கதைதான். மேடையிலிருந்து “கேள்வி உண்டா?” என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து நாற்காலியை அடுக்கும்போது ஒருவர் ஒதுங்கி வந்து, “டீச்சரே, ஒரு காரியம் கேக்கணும்” என்பார். தக்கலையில் கேட்டதைத்தான் குளச்சலில் கேட்கிறார்கள், பூதப்பாண்டியிலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மருத்துவர் இல்லை. மருத்துவர் சொல்ல வேண்டியதை அவரிடமே கேளுங்கள்.

இப்போதே அவசரம் என்றால் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. பேச ஆள் வேண்டும் என்றால் 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை. தமிழ்நாடு அரசின் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகியவற்றிலும் உதவி கிடைக்கும்.

எங்க பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கல. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுக்கோம். பின்ன எதுக்கு இப்படியொரு நினைப்பு வருது?

வாங்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. மனச்சோர்வு நோய் வசதியான வீட்டுக்கும் வரும், இல்லாத வீட்டுக்கும் வரும். இப்படியொரு நினைப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருக்காது. மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, பள்ளியில் கேலி, ஏதோ ஓர் இழப்பு, யாரோ செய்த கொடுமை என்று பல சேர்ந்திருக்கும். கடைசியாக நடந்த ஒன்று மட்டும் நம் கண்ணில் படும்.

வயதும் ஒரு காரணம். உணர்ச்சி பொங்கும் மூளைப்பகுதி பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இருக்கும். நிதானித்து யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அதனால் பெரியவருக்கு “இந்த மாதம் மோசம்” என்று தோன்றுவது, பிள்ளைக்கு “இனி எப்போதும் இப்படித்தான்” என்று தோன்றும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள், 15 முதல் 29 வயது வரையிலானோரின் மரணக் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வளர்ப்பு மட்டும் விசேஷமாகக் கெட்டுவிடவில்லை.

பரீட்சைதானே எல்லாத்துக்கும் காரணம்? மார்க் போனதுதானே?

தேர்வு முடிவு வரும் மாதங்களில் அதைப் பற்றியே பேசுவதால் அப்படித் தெரிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் மாணவர்கள் 13,044. தேர்வுத் தோல்வி என்று பதிவானவை 2,248. அதே ஆண்டு எல்லா வயதும் சேர்த்து முதலிடத்தில் இருந்த காரணம் குடும்பப் பிரச்சினை, ஏறத்தாழ 32 சதவீதம். காவல் நிலையத்தில் ஒரே ஒரு காரணம் எழுதுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நம் மாவட்டத்தில் மதிப்பெண்ணைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் நமக்கு. அந்தப் பெருமையின் பாரத்தைப் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017-ல் அரசு நிறுத்திவிட்டது. மார்த்தாண்டத்திலும் வடசேரியிலும் ஃப்ளெக்ஸ் வைப்பது நின்றதா? இல்லை. அந்தப் படங்களுக்குக் கீழே நடந்து போகும் நானூறு மார்க் பிள்ளையை யாரும் நினைப்பதில்லை.

தோல்வி என்றால் துணைத்தேர்வு உண்டு. தேர்ச்சி பெற்றால் அந்த ஆண்டே மேலே படிக்கலாம். இதை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். வந்த பிறகு அவன் காதில் ஏறாது. ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள்: என் பிள்ளை ஒரு கெட்ட செய்தியோடு நேரே என் வீட்டுக்குள் வர முடியுமா? மேலே சொன்ன புள்ளிவிவரத்தையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

“செத்துப் போவேன்”னு எடுத்ததுக்கெல்லாம் சொல்லுகா. சும்மா மிரட்டுகதாக்கும், இல்லையா?

சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்பது இந்த விஷயத்தில் நடமாடும் மிக ஆபத்தான தவறு. தற்கொலைக்கு முயல்கிறவர்களில் பலர் முன்னமே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். மிரட்டலாகவே இருந்தாலும், ஒரு விஷயத்தைக் கேட்டுப் பெற உயிரைப் பணயம் வைக்கும் நிலைக்குப் பிள்ளை வந்திருக்கிறாள் என்றால் அதுவே கவனிக்க வேண்டியதுதான்.

“போய்ச் சாவு, பாப்போம்” என்று கோபத்தில் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை இன்றோடு விடுங்கள். அப்படிச் சொன்ன அம்மாக்களும் அப்பாக்களும் கெட்டவர்கள் இல்லை. அந்த வெப்ராளத்தில் பிள்ளை அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடும்.

வளர்ற வயசுல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கது சகஜம்தானே. எத வச்சு வித்தியாசம் கண்டுபிடிக்க?

கதவைச் சாத்திக்கொள்வது, எதிர்த்துப் பேசுவது, போனும் கையுமாக இருப்பது, இவை மட்டுமென்றால் வயதுக்குரியது. மாற்றத்தைப் பாருங்கள். பந்து விளையாட்டென்றால் உயிரை விடுகிறவன் பந்தைத் தொடுவதே இல்லை. ராத்திரி தூக்கமில்லை, அல்லது பகலெல்லாம் தூக்கம். சாப்பாடு இறங்கவில்லை. கூட்டாளிகள் வந்தாலும் வெளியே போவதில்லை. காரணம் சொல்லத் தெரியாத தலைவலி, வயிற்றுவலி. இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தால் காட்டுங்கள்.

உடனே எழுந்திருக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்பது, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது அல்லது ஸ்டேட்டஸ் வைப்பது, சாவதற்கான வழிகளைத் தேடுவது. இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள்: பல நாள் வாடிக் கிடந்த பிள்ளை காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகி விடுவது. “தேறிட்டான்” என்று நாம் நிம்மதி அடைவோம். அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

நேரா கேட்டா, இல்லாத நினைப்ப நாமளே ஊட்டினது மாதிரி ஆயிராதா?

ஆகாது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. பலருக்குக் குறையத்தான் செய்கிறது. ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு “இதைப் பற்றிப் பேசலாம் போலிருக்கே” என்ற முதல் ஆசுவாசம் அந்தக் கேள்வியில் கிடைக்கிறது. நினைக்காத பிள்ளை “உனக்கென்ன கிறுக்காம்மா?” என்று கேட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கேக்க? வாயே வரமாட்டேங்கு.

ஆள் நடமாட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். பிள்ளையை எதிரே உட்கார வைத்து விசாரணை நடத்த வேண்டாம். பைக்கில் போகும்போது, தேங்காய் துருவும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது என்று பக்கத்தில் இருந்தபடி கேட்பது இருவருக்கும் எளிது. முதலில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: “மக்ளே, பத்துப் பதினைஞ்சு நாளா நீ சரியா சாப்பிடல, தூங்கல. எனக்கு வெசனமா இருக்கு.” பிறகு சுற்றி வளைக்காமல்: “வாழவே வேண்டாம்னு தோணுதா? சாவணும்னு நினைப்பு வருதா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். அரை நிமிடம் பேச்சில்லாமல் போனால் நமக்குப் பொறுக்காது, உடனே “அப்படியெல்லாம் இல்லல்லா?” என்று நாமே பதிலையும் கொடுத்துவிடுவோம். பிள்ளையும் தலையாட்டிவிடும். பொறுத்திருங்கள்.

“ஆமா”ன்னு சொல்லிட்டான்னா? எனக்கு அங்கேயே மயக்கம் வந்துரும்.

உங்கள் பயம் அவனுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. கத்துவது, அடிப்பது, “எங்கள நினைச்சுப் பாத்தியா” என்று அழுவது, உடனே மாமாவுக்கும் சித்திக்கும் போன் போடுவது, இவை வேண்டாம். “சொன்னது நல்லதாப் போச்சு. நான் இருக்கேன். இதுக்கு வைத்தியம் உண்டு, சேந்து போவோம்” என்றால் போதும். சமாதானம் சொல்லி முடித்துவிட அவசரப்படாதீர்கள். எவ்வளவு நாளாக, எப்போது அதிகமாக வருகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறான் என்றால் அன்றே மருத்துவமனை.

அதுவரை தனியாக விடாதீர்கள். கழிவறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொன்னாலும் தப்பில்லை. வீட்டிலுள்ள மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்து என்று ஆபத்தானவை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், அல்லது வேறு வீட்டுக்குப் போகட்டும். “நினைச்சவன் எப்படியும் செய்வான்” என்பது உண்மையில்லை. அந்த உந்துதலின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் பலரும் பிழைத்துவிடுகிறார்கள், பிறகு வேறு வழி தேடிப் போவதுமில்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு நாட்டின் மொத்தத் தற்கொலை விகிதமே பெருமளவு இறங்கியது.

அவுக அப்பா கல்ஃப்ல இருக்காவ. சொன்னா அங்க கெடந்து தவிப்பாவ. சொல்லணுமா?

சொல்லுங்கள். ஆனால் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், அப்பா போனில் என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். “உனக்கு வேண்டிதானே இங்க வெயில்ல கெடக்கேன்” என்று ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. பாசத்தில் வரும் பேச்சுதான், ஆனால் பிள்ளையின் காதில் கடன் பாக்கியாக விழும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்ப வாரக்கணக்காகும். அந்த வீடுகளில் அப்பா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவையோ அண்ணனையோ கடலுக்குக் கொடுத்த குழந்தைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். உடல்கூடக் கிடைக்காத சாவை அந்த வயதில் பார்த்த பிள்ளைக்குத் துக்கம் பத்து ஆண்டு கழித்தும் வேறு முகத்தோடு வரலாம். அந்த வீடுகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்லி உபதேசியார்களிடமும் கேட்டு வருகிறேன்.

எங்க கூட்டிட்டுப் போவணும்? பெரிய செலவாகுமோ?

ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் பார்க்கும் நாட்கள் உண்டு; உங்கள் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்பதை 104-ல் கேளுங்கள். விளவங்கோடு பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டம். எங்கே என்பதை விட இன்று என்பதுதான் முக்கியம்.

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து எழுத மாட்டார்கள். லேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதும்.

14416-க்கு விளிச்சா என்ன கேப்பாவ?

அது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவையென்றால் மனநல நிபுணருக்கு இணைப்பார், பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை. “என் மகன் இப்படி இருக்கான், நான் எப்படிப் பேசணும்?” என்று அம்மாவே அழைத்துக் கேட்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தொண்டு நிறுவனத்தின் 044-24640050 எண்ணிலும் பேசலாம். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், மறுபடி போடுங்கள்.

எங்களுக்கு விசுவாசம் உண்டு டீச்சரே. ஜெபிச்சாப் போதாதா?

ஜெபியுங்கள், கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், அய்யாவழிப் பதிக்குப் போங்கள். தன்னைத் தாங்க ஒரு சமூகம் இருக்கிறது என்ற உணர்வு பிள்ளைக்கு நல்லதுதான். சர்க்கரை வந்தாலும் ஜெபிக்கிறோம், மாத்திரையும் போடுகிறோம் இல்லையா? அதே போலத்தான் இதுவும்.

ஒரே ஒரு கோடு உண்டு. “பிசாசு பிடிச்சிருக்கு” என்று அடிப்பவர், பட்டினி போடுபவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், அந்த வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள். இந்த மாவட்டத்தில் நல்ல போதகர்களும் அருட்தந்தையர்களும் பூசாரிகளும் “ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கூட வாறேன்” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள்.

மாத்திர குடுத்தா அடிமையாயிருவான், மந்தமாயிருவான்னு சொல்லுகாவளே?

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் முதன்மை மருந்துகள் போதை தருபவை இல்லை, அடிமையாக்குவதும் இல்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகும். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்துவதும், “சரியாயிட்டு” என்று நீங்களே நிறுத்துவதும் இரண்டுமே தப்பு.

ஒரு எச்சரிக்கையையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த மருந்துகளைத் தொடங்கும் முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-லேயே இதை எச்சரிக்கையாக அச்சிட வைத்தது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மாத்திரையை நீங்கள் கையில் வைத்து எடுத்துக் கொடுங்கள், அந்த வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

மக கையக் கீறி வச்சிருக்கா. முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கா. இது தற்கொலை முயற்சியா?

பெரும்பாலும் சாகும் எண்ணத்தோடு செய்வதில்லை. தாங்க முடியாத மனவலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்வது. ஆனால் “அப்ப சாரமில்ல” என்று விட முடியாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் ஆபத்து கூடுதல். சத்தியம் வாங்குவதாலோ தினமும் கையைச் சோதிப்பதாலோ நிற்காது, மறைக்கும் இடம்தான் மாறும். காயத்துக்கு மருந்து போடுங்கள், மேலே சொன்னபடி நேராகக் கேளுங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

லவ்வு விஷயம் தெரிஞ்சு போனப் பிடுங்கி வச்சோம். அதுல இருந்து சோறு தண்ணி இல்ல. குடுத்துரவா?

போன் சின்ன விஷயம். பதினாறு வயதில் முறிந்த உறவு உங்களுக்கு விளையாட்டாகத் தெரியலாம். அவளுக்கு அது முதல் பெரிய இழப்பு. சாதி, சபை, சொந்தக்காரர் பேச்சு என்று மூன்று பக்கமும் வீடு ஒன்றாக நின்று அவளைக் குற்றவாளி ஆக்கும் அந்த வாரம்தான் மிக மோசமானது. உறவை ஏற்பது மறுப்பது பிறகு. வீட்டில் ஒருவராவது, அத்தையோ மாமாவோ பாட்டியோ, அவள் பக்கம் உட்கார்ந்து திட்டாமல் கேட்க வேண்டும். போனை ஒரே அடியாக வெட்டினால் அவளுடைய தோழிகளும் வெட்டுப்படுகிறார்கள்.

இதில் ஒரு வேறு வகை உண்டு, கவனம். படத்தை வைத்து யாராவது மிரட்டுகிறார்களா என்று கேளுங்கள். “படம் வெளிய வந்தாலும் நீ எங்க பிள்ளதான்” என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மிரட்டல் என்றால் பணம் கொடுக்காதீர்கள், ஆதாரத்தை அழிக்காதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவரிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். 1098-ல் தொடங்கலாம்.

என் கூட்டுக்காரன் சொன்னான், யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். சொன்னா துரோகம் இல்லியா?

இது பிளஸ் ஒன் பையன் கேட்டது. சத்தியத்தை மீறு மக்ளே. அவன் உன்மேல் கோபப்படலாம், ரெண்டு மாதம் பேசாமலும் இருக்கலாம். கோபப்பட அவன் உயிரோடு இருக்க வேண்டும். நீ நம்புகிற ஒரு பெரியவரிடம் இன்றே சொல். அவர் கண்டுகொள்ளாவிட்டால் இன்னொருவரிடம் சொல். நீ தனியாளாக ராத்திரியெல்லாம் சாட்டில் அவனைக் காவல் காக்க வேண்டியதில்லை, அது உன் வயதுக்கு மேற்பட்ட பாரம்.

இதெல்லாம் பெத்தவங்களுக்கு. எனக்குத்தான் அந்த நினைப்பு வருது. நான் என்ன செய்ய?

நீ இதுவரை வாசித்ததற்கு நன்றி. இந்த நினைப்பு வருவது உன் குற்றமில்லை, நீ கோழையும் இல்லை. இது ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது என்றைக்கும் இறங்காது என்று தோன்றும். அந்த நேரத்தைக் கடக்க ஓர் ஆள் வேண்டும். தனியாக இருக்காதே, பக்கத்து அறையில் ஆள் இருக்கும் இடத்துக்காவது போ. கையருகில் ஆபத்தானது இருந்தால் அதைவிட்டு விலகிப் போ. 14416-க்கு இப்போதே அழை.

பிறகு ஒருவரிடம் சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் டீச்சர், மாமா, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது. பேச வரவில்லை என்றால் இந்த வரியை அனுப்பு: “எனக்குச் சாவணும்னு நினைப்பு வருது. என்கூட வந்து இரு.” மீதியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போவாம இருக்காவளே?

இந்தப் பயத்தில் இழந்த நேரத்தால் உயிர் போகும். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதில் குற்றம்.

மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து எழுதியும் போகலாம். அது நடைமுறை. பிள்ளையை ஜெயிலுக்குக் கொண்டு போக மாட்டார்கள். நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மாற்றிச் சொன்னால் சிகிச்சை தவறும்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டான், இப்ப சிரிச்சுப் பேசுகான். இனி பயமில்லையே?

இன்னும் உண்டு. முன்பு ஒரு முயற்சி நடந்திருப்பது ஆபத்தைக் காட்டும் மிக வலுவான அறிகுறி. வீடு திரும்பிய முதல் வாரங்களும் மாதங்களும்தான் கூடுதல் கவனம் தேவைப்படுபவை. அடுத்த தேதிக்கு மருத்துவரிடம் போவதைத் தவறவிடாதீர்கள். ஆபத்தானவற்றைப் பூட்டுக்குள் வைத்தது அப்படியே தொடரட்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, “அறிவுரை வேண்டாம், சாயா குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பொம்பளப் பிள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் காரியம்?

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மேலே சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மருத்துவமனையின் கடமை. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஊருக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளவும் கூடாது. வேறென்ன சொல்ல? பிள்ளை இருந்தால்தானே கல்யாணம்.

நாங்க வாத்தியார்மார். ஒரு சொல்லு அதட்டினாலே கேஸ் வருமோன்னு பயமா இருக்கு. பின்ன எப்படிக் கண்டிக்க?

கண்டிப்புக்காக அதட்டுவது மட்டுமே தற்கொலைக்குத் தூண்டுதல் ஆகாது என்று 2021-ல் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே சமயம் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு தடை செய்கிறது. வகுப்பில் எல்லார் முன்னும் குடும்பத்தை இழுத்துப் பேசுவது, பேப்பரைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைப்பது, இவை கண்டிப்பில் சேராது. தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் அன்றே அவனிடம் வேறொரு விஷயம் பேசுங்கள். அவமானத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்றும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிக்கக் கூடாது என்றும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. உங்கள் பள்ளியில் ஆலோசகர் யார் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்படி இறந்தவங்களுக்குக் கோயில்ல அடக்கம் கெடையாதுன்னு ஊர்ல சொல்லுகாவ. உண்மையா?

கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டத்தில் அப்படி இருந்தது. 1983-ல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. கடும் மனக்குழப்பமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. துக்க வீட்டில் போய் எதிராகப் பேசுகிறவர் சட்டம் அறியாதவர்.

எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ள போயிட்டா. மத்த பிள்ளைங்கட்ட சொல்லவா மறைக்கவா? கிளாஸ் பிள்ளைங்க ஃப்ளெக்ஸ் வைக்கணும்னு நிக்கு.

மறைக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் வாட்சப்பில் வந்துவிடும். வகுப்பு வகுப்பாக, அவர்களுக்குப் பழக்கமான ஆசிரியரே சொல்லட்டும்: நம் தோழி இறந்துவிட்டாள், நமக்கு வேதனை, பேச விரும்புகிறவர்கள் இன்னார் அறைக்கு வாருங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம். “இன்ன டீச்சர் திட்டியதால்” என்று ஒரே காரணமும் வேண்டாம்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், படத்தோடு பாட்டு போட்ட ஸ்டேட்டஸ், பெயரில் போட்டி, இவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தவிக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்து, செத்தால்தான் என்னையும் இப்படிக் கொண்டாடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடும். ஒரு சாவைத் தொடர்ந்து பக்கத்திலேயே இன்னொன்று நடப்பது உலகம் முழுவதும் பதிவான விஷயம். பூ வைத்து ஜெபிப்பது, அவள் வீட்டுக்குப் போய் வருவது, அவள் பெயரில் நூலகத்துக்குப் பத்துப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது நல்லது. அவளுடைய நெருங்கிய தோழிகள், அவளோடு கடைசியாகச் சண்டை போட்டவள், ஏற்கெனவே வாடிக் கிடக்கும் பிள்ளைகள், இவர்களின் பெயரை ஆசிரியர்கள் அன்று மாலையே எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். காலாண்டு விடுமுறை வந்தாலும் அந்தப் பட்டியலைக் கைவிடாதீர்கள்.

சிகிச்சை எடுத்துட்டுத் திரும்ப ஸ்கூலுக்குப் போறான். கேக்கவங்ககிட்ட என்ன சொல்லணும்?

அவனிடமே கேளுங்கள், என்ன சொல்ல விரும்புகிறான் என்று. “உடம்பு சரியில்லாம இருந்தது, இப்ப பரவாயில்ல” என்ற ஒரு வரியே பலருக்குப் போதும், அது பொய்யும் இல்லை. போகும் முன் தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் பார்த்து, விட்டுப்போன பாடத்துக்கு அவகாசம் கேளுங்கள். முதல் வாரம் அரை நாள் போதுமா என்றும் கேட்கலாம். மனம் முட்டினால் வகுப்பிலிருந்து எழுந்து யாரிடம் போகலாம் என்று ஒரு பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் வந்ததும் “இன்னைக்கு என்ன மார்க்” என்று கேட்காமல் சாப்பாடு எடுத்து வையுங்கள்.